மூன்று நரம்புச் சரசுவதி

ஆணி இருந்தது. படம் இல்லை.

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் ஆணிதான் இருந்தது. படம் தொங்கிய இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துப் போயிருந்தது.

"இஞ்சாரும்," என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "சுவரிலை இருந்த படம் எங்கை?"

"சரசுவதியோ? வாசிகசாலைக்குக் குடுத்திட்டன்," என்றாள் கனகாம்பிகை, அடுப்பை ஊதுவதை நிறுத்தாமலே. "இண்டைக்கெல்லோ நவராத்திரிக் கடைசிப் பூசை. அவையின்ரை படத்தைக் கறையான் திண்டுபோட்டுது. போன கிழமை செல்வநாயகி வந்து சரியான கவலைப்பட்டவள். விடியவெள்ளனக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தனான்."

"என்னை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"அம்பாளைப் பூசைக்குக் குடுக்க ஆரைக் கேக்கிறது?"

இதற்குச் சோமசேகரத்திடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதானால், அது அம்பாளே இல்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். அதைச் சொல்லும் துணிவு அவருக்கு ஒன்பது வருடமாக வரவில்லை. இன்று காலையிலும் வரவில்லை.

அந்தப் படம் யப்பான் படம். சோமசேகரம் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளாக்கராக இருந்தபோது, கனகாம்பிகை அவரை ஒரு சனிக்கிழமை உடுப்பு அலுமாரி வாங்கிவர ஏலக்கடைக்கு அனுப்பினாள். ஊர் திரும்பும் வெள்ளைக்காரத் துரைமாரின் தளபாடங்கள் அங்கே மலிவாகப் போகும். அலுமாரிக்கு முன்னால் ஒரு கட்டுப் படங்கள் ஏலத்துக்கு வந்தன. பழைய யப்பான் அச்சுப்படங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே மரப்பலகை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்தவை. ஒரு மயிரிழை பிசகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். பனியில் குடை பிடித்துக்கொண்டு போகும் ஒரு கிழவரின் படத்தைக் கண்டதும் சோமசேகரத்தின் கை அவரைக் கேட்காமலே உயர்ந்துவிட்டது. அலுமாரி வேறு யாருக்கோ போனது.

அதற்குப் பிறகு அவர் பல சனிக்கிழமைகளில் அலுமாரி தேடிப் போனார். கடைசிவரை அலுமாரி வாங்கவில்லை. ஆறு யப்பான் படங்கள் வாங்கினார். அவற்றைக் கட்டிலுக்குக் கீழே துணியில் சுற்றி ஒளித்து வைத்தார். கனகாம்பிகை உடுப்புகளைத் தகரப் பெட்டியில் போட்டு, அதையும் அதே கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் ஒழுங்கை முனையில் கூச்சல் கேட்டபோது இரண்டு பேரும் பின்மதிலால் ஏறி ஓடவேண்டி வந்தது. "கட்டிலுக்குக் கீழை என்ரை கூறைச்சேலை இருக்கு, பெட்டியை எடுங்கோ," என்று அவள் மதிலடியில் நின்று சொன்னாள். அவர் குனிந்து கையை விட்டார். கையில் அகப்பட்டது பெட்டி அல்ல. முதல்நாள் இரவு எடுத்துப் பார்த்துவிட்டுத் தனியாகச் சுற்றி வைத்த ஒரு படம். அதைத்தான் தூக்கிக்கொண்டு மதில் ஏறினார். மற்ற ஐந்து படங்களும் கூறைச்சேலையும் வீட்டோடு எரிந்துபோயின.

அகதி முகாமில் வைத்துத்தான் அவள் அந்தத் துணியை அவிழ்த்தாள்.

"இதென்ன?"

"சரசுவதி," என்றார் சோமசேகரம். அந்த நேரத்தில் வேறு ஒரு சொல்லும் அவர் வாய்க்கு வரவில்லை.

கனகாம்பிகை படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் முகம் கழுவி மூன்று நாளாகியிருந்தது. அவள் துணியை முன்னிருந்த மடிப்பிலேயே திரும்பச் சுற்றினாள்.

"சரி. அம்பாளெண்டாலும் வந்தாவே," என்றாள்.

கப்பலில் காங்கேசன்துறை வந்து, மானிப்பாயில் அவளுடைய சீதன வீட்டில் குடியேறிய முதல் கிழமையே படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆணி அடித்தாயிற்று. விளக்கும் ஏற்றியாயிற்று. பொருளாதாரத் தடை வந்து ஊரே ஜாம் போத்தல் விளக்கில் திரி நூலை மிச்சம் பிடித்த காலத்திலும் கனகாம்பிகை அந்த விளக்கை ஒருநாள் நிறுத்தவில்லை. ஊரில் அம்மம்மாவோடு இருந்து படித்த மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனபோதும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

படத்தில் இருந்தவள் யாரென்று சோமசேகரத்துக்கு நன்றாகத் தெரியும். ஏலக்கடைக்காரரே சொல்லியிருந்தார். யப்பானில் பணக்காரர் விருந்துண்ணும் வீடுகளில் பாடி, வாத்தியம் வாசித்து, வந்தவரைக் குஷிப்படுத்தும் ஒரு பெண். ஆற்றங்கரை வீட்டில் அமர்ந்து நீள்கழுத்து வாத்தியம் ஒன்றை மீட்டுகிறாள். பின்னால் இரவு. அந்த இரவின் நீலம் மேலே கறுப்பாகத் தொடங்கிக் கீழே வர வர விடியற்காலம்போல வெளிறும். அந்த நீலத்துக்காகத்தான் அவர் அதை வாங்கினார்.

புகையும் வெளிச்சமும் அந்த நீலத்துக்கு நஞ்சு. ஆகவே அவர் சரசுவதிக்குச் சில சட்டங்கள் இயற்றினார். ஊதுபத்தி ஆகாது. விளக்கு மூன்று முழம் தள்ளித்தான் இருக்கவேண்டும். யன்னல் சீலையை விலக்கக்கூடாது. "யப்பானிலை செய்த படத்துக்கு அப்பிடித்தான்," என்றார். கனகாம்பிகை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாள்தோறும் காலையில் எழும்பியதும் அவர் நேரே படத்துக்கு முன்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு, நீலம் மங்கிவிட்டதா, பூஞ்சணம் பிடித்துவிட்டதா என்று வெகுநேரம் உற்றுப் பார்ப்பார். அதன்பிறகுதான் பல் தீட்டுவார்.

மற்றபடி கடவுளுக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. எண்பத்திமூன்றுக்குப் பிறகு அவர் கோயில் வாசல் மிதித்ததில்லை. காரணம் கேட்டால், செருப்புக் களவு போகுது என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் பறந்தார்.

அங்கே அவருடைய விருந்து வீட்டுப் பாடகி பட்டு விரித்த மேசையின் நடுவில் வீற்றிருந்தாள். சட்டத்தைச் சுற்றி ஈரம் சொட்டும் செவ்வரத்தம்பூ மாலை. கண்ணாடியில், சரியாக நெற்றிக்கு நேரே, சந்தனமும் குங்குமமும். இரண்டு பக்கமும் கரும்பு. பக்கத்துக் கோயில் ஐயர் நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வாசிகசாலைக் காரியதரிசி செல்வநாயகி கடலை அவித்த சட்டியை இறக்கி வைத்தாள். இவள் பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் சங்கக்கடைக்கு மனேச்சரும்கூட. ஊரில் யார் வீட்டில் எவ்வளவு மண்ணெண்ணெய் இருக்கிறதென்பது அவளுக்குக் கணக்கு.

கொழும்பு ஏலக்கடையில் சோமசேகரம் படித்த முதல் பாடம், வேண்டிய பொருளைக் குறை சொல்லவேண்டும் என்பது.

"பிள்ளை செல்வநாயகி," என்றார் மெதுவாக. "இந்தப் படம் பொதுப் பூசைக்குச் சரிவராது. குறையுள்ள படம். வீணையைப் பாரும், மூண்டே மூண்டு நரம்புதான் இருக்கு."

செல்வநாயகி பதில் சொல்லுமுன், புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த நமசிவாயம் மாஸ்ரர் திரும்பினார். மானிப்பாயில் பிள்ளைகளைச் சோதினைக்குத் தயார்படுத்தும் பெரிய ரியூட்டறி நடத்துகிறவர் அவர். எதற்கும் விளக்கம் சொல்லாமல் விட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு செமிக்காது.

"எங்கை, பாப்பம்," என்று கண்ணாடியோடு மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தார். "மெய்தான். மூண்டு நரம்பு. இச்சை, கிரியை, ஞானம். எவ்வளவு நுட்பமாக் காட்டியிருக்கிறான் பாத்தீரே, பிள்ளை?"

"முகமும் சரியான வெள்ளை," என்றார் சோமசேகரம் அவசரமாக.

"வெண்டாமரையிலை இருக்கிறவ வேறை என்ன நிறத்திலை இருப்பா?"

"தலையிலை ஏதோ குச்சியள் குத்தியிருக்கு."

"ஏடெழுதிற எழுத்தாணி," என்றார் மாஸ்ரர். அவர் குரல் தழுதழுத்தது. "சோமசேகரத்தார், இவ்வளவு காலமும் இந்தப் பொக்கிசத்தை வீட்டுச் சுவரிலை பூட்டி வைச்சிருந்தனீங்களோ? இந்த ஓரத்திலை கிடக்கிற எழுத்தைப் பாருங்கோ. இது கிரந்தத்துக்கும் முந்தினது. கம்பசிலை எனக்கொரு புரபெசரைத் தெரியும். இது மட்டும் என்ரை ரியூட்டறிக்கு வந்திட்டுதெண்டால் நாளைக்கே அவரைக் கூட்டிவந்து வாசிப்பிச்சுப்போடுவன்."

சோமசேகரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். புரபெசர் வருவார். இது யப்பான் எழுத்து என்பார். அதோடு நிற்கமாட்டார், இவள் இன்னார் என்பார். பொழுதுபடுமுன் ஊரெல்லாம் பரவிவிடும். கனகாம்பிகை ஒன்பது வருடமாக விளக்கு வைத்தது யாருக்கென்று கிணற்றடியில் கதைப்பார்கள். அவள் கூறைச்சேலையைத் தீயில் விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த சாமியை நம்பிக் காலம் போக்கியவள். அந்தச் சாமியையும் அவளிடமிருந்து பிடுங்கினால் பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"ஏன், படம் உங்கடை ரியூட்டறிக்கு ஏன் வரவேணும்? பூசை முடியத் திரும்ப எங்கடை வீட்டுக்குத்தானே?"

"அதெப்பிடி அண்ணை," என்றாள் செல்வநாயகி. "மேசையிலை வைச்சுப் படைச்சதெல்லாம் பூசை முடிய ஏலத்திலை போறதுதானே. பூசணிக்காய் தொட்டுச் சேலை வரைக்கும். வருசா வருசம் நடக்கிறது. நீங்கள் ஒரு வருசமும் வந்தால்தானே தெரியும். இந்த முறை காசு வேண்டாம், எண்ணெய்தான். சோதினைக்குப் படிக்கிற பிள்ளையள் இரவிலை இஞ்சைதான் வருகுதுகள். பெற்றோமக்ஸ் கொளுத்த மண்ணெண்ணெய் இல்லை. ஆர் கூடப் போத்தல் சொல்லுகினமோ அவைக்குப் பொருள்."

சோமசேகரம் கடைசி நம்பிக்கையாக ஐயரிடம் போனார். "ஐயா, படம் சரியோ? பூசைக்கு ஏற்றதோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்."

ஐயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விளக்கு வைச்ச படந்தானே," என்றுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தார். "நீர் ஒருக்காப் போய்ச் சொன்னால் திருப்பித் தருவினம்."

"படைக்கக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? நல்ல கதை. உங்களுக்கு வேணுமெண்டால் பின்னேரம் வந்து ஏலத்திலை எடுங்கோ," என்றாள் அவள்.

எடுக்கலாம்தான். வீட்டில் சேமிப்பாக இரண்டு போத்தல் எண்ணெய் இருந்தது. ஆனால் சோமசேகரம் படத்தையே சுற்றிக்கொண்டு நின்றதை மாஸ்ரர் கண்டுவிட்டார். தான் வாய் திறந்தால் மாஸ்ரர் விலையை ஏற்றுவார். கொழும்பில் படித்த இரண்டாவது பாடம் இதற்குத்தான் இருந்தது. உனக்கு வேண்டியதை இன்னொருவன் வாயால் கேள்.

முச்சந்தியில் சைக்கிள் திருத்தும் சீவரத்தினத்திடம் போனார். சொன்ன சொல் தவறாதவன். சொன்ன சொல்லுக்கு மேலே எதையும் யோசிக்கவும் மாட்டான்.

"சரசுவதி படம் ஏலத்துக்கு வரும். ஆர் எவ்வளவு கேட்டாலும் நீ அதுக்கு மேலை கேக்கவேணும். விளங்குதோ?"

"ஓம் அண்ணை. எவ்வளவு மட்டும்?"

"நமசிவாயத்தாரிட்டை எவ்வளவு எண்ணெய் இருக்கப் போகுது? நீ விடாதை. இன்னொண்டு. எனக்காகத்தான் கேக்கிறாய் எண்டு ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. என்னைத் திரும்பியும் பாக்காதை. ஆர் சாடை காட்டினாலும் கவனிக்காதை. ஏலம் முடிஞ்சாப் பிறகு வந்து கண்டால் காணும்."

"நீங்கள் யோசியாதையுங்கோ அண்ணை. பொறுப்பு என்ரை," என்றான் சீவரத்தினம், ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே.

மனப்பாரம் பாதி குறைந்து வீட்டுக்கு வந்தால், கதிரையில் அவருடைய கரைவேட்டியும் சால்வையும் தோய்த்து மடித்து வைத்திருந்தன. அவற்றை அவள் எப்போது பெட்டியிலிருந்து எடுத்தாள், எப்போது தோய்த்தாள் என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. கற்பூரம் படத்துக்கு எவ்வளவு கிட்டப் போகும் என்பதுதான் அப்போது யோசனை. யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளவாவது பூசைக்குப் போகத்தான் வேண்டும். வேட்டியைக் கட்டிக்கொண்டார்.

பூசை வெயில் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. இருட்டினால் வெளிச்சத்துக்கு வழியில்லை, குண்டு போடும் பொம்பர் விமானப் பயமும் இருந்தது. சோமசேகரம் ஒரு தூணோரம் நின்றுகொண்டு பாடகியைக் கண்காணித்தார். ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டுச் சபையைப் பார்த்தார்.

"படம் தந்த உபயகாரர் ஆர்? முன்னுக்கு வாங்கோ. ரண்டு பேரும் வாங்கோ."

கனகாம்பிகை முன்னால் போய் நின்றாள். சோமசேகரம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"ரண்டு பேரும் எண்டனான்," என்றார் ஐயர்.

சனம் வழிவிட்டது. அவர் போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். ஐயர் அவர் விரலில் தர்ப்பையை மாட்டிவிட்டார்.

"நட்சத்திரம்?"

சோமசேகரத்துக்கு அது மறந்துபோய்ப் பல வருடம். விழித்தார்.

"அவருக்கு அத்தம்," என்றாள் கனகாம்பிகை.

தீபாராதனை நடந்தது. ஐயரின் கை மேலே போகும்போதெல்லாம் சோமசேகரத்தின் உயிரும் கூடவே மேலே போனது. சுவாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இமைக்காமல், கைகூப்பியபடி நின்றார். புகை பட்டுக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்தால் அந்த நொடியில் ஏதாவது நடந்துவிடும் என்று துடைக்கவில்லை.

"எவ்வளவு பக்தி," என்று பின்னால் யாரோ பெண்பிள்ளை சொன்னாள். கனகாம்பிகை தலையைத் திருப்பாமல், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஏலம். பூசணிக்காய் கால் போத்தலுக்குப் போனது. வாழைப்பழச் சீப்பு அதற்கும் கொஞ்சம் கூட. சேலை அரைப் போத்தல். செல்வநாயகி படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு போத்தல்," என்றார் நமசிவாயம் மாஸ்ரர் எடுத்த எடுப்பிலே. சபை வாயைப் பிளந்தது.

சோமசேகரம் சீவரத்தினத்தைத் தேடினார். இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை. வாசலில் இல்லை.

"ஒருதரம்," என்றாள் செல்வநாயகி.

அவர் எக்கிப் பார்த்தார். வெளி வேலியடியிலும் இல்லை.

"இரண்டுதரம்."

"ஒண்டரை," என்று கத்தினார் சோமசேகரம். கொழும்பில் படித்த பாடம் அவ்வளவும் காற்றில் போனது.

"ரண்டு," என்றார் மாஸ்ரர்.

"ரண்டேகால்."

மாஸ்ரர் சால்வையை உதறித் தோளில் போட்டார். "என்ரை ரியூட்டறிக்கும் வெளிச்சம் வேணும். அவரே எடுக்கட்டும்," என்று இருந்துவிட்டார்.

சோமசேகரத்துக்கு மூச்சு வந்தது. இல்லாத அந்தக் கால் போத்தலை எங்கேயாவது கைமாற்றாக வாங்கலாம். "ஒருதரம். இரண்டுதரம்," என்றாள் செல்வநாயகி.

"மூண்டு," என்றது ஒரு குரல்.

அலைக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் அகன்ற தோளுள்ள ஒரு மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிலைபோல நின்றார். ஊரில் ஒருவரும் கண்டறியாத ஆள். சட்டையின் மேல்பொத்தான் திறந்திருந்தது. உள்ளே வெள்ளிச் சிலுவை தெரிந்தது.

கொழும்பில் படித்த மூன்றாவது பாடம் சோமசேகரத்துக்கு நெஞ்சில் இடித்தது. ஏலத்தில் பேசாமல் நிற்கும் அந்நியனுக்குப் பயப்படு. அவனுக்குத்தான் பொருளின் பெறுமதி தெரியும். சிலுவை போட்ட மனிதனுக்குச் சரசுவதி எதற்கு? இவனுக்கு அது சரசுவதி இல்லை என்று தெரிந்திருக்கிறது. கடற்காரன். யப்பான் கப்பல்களோடு பழகியிருப்பான். எடுத்த கையோடு எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போவான்.

"மூண்டரை," என்றார்.

"நாலு."

"நாலரை."

"அஞ்சு."

அந்த ஆள் அவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய கலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மீன் ஏலத்தில் நின்ற பழக்கம் போலிருக்கிறது, பதில் சொல்ல ஒரு நொடி எடுக்கவில்லை. ஆறு போய் ஏழு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டத் தொடங்கினார்கள். செல்வநாயகி தரம் சொல்வதையே மறந்துவிட்டு, ஊரில் மொத்தம் இவ்வளவு எண்ணெய் இருக்கிறதா என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

எட்டில் சோமசேகரம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கனகாம்பிகை அவர் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

"விடாதையுங்கோ," என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"பத்து," என்றார்.

"பதினொண்டு."

"பன்ரண்டு."

"பதின்மூண்டு."

அதற்கு மேல் அவர் ஏற்றவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு போத்தல். இனி எந்த எண்ணைச் சொன்னாலும் பச்சைப் பொய். ஒரு பொய் சொன்னதற்கே இந்தப் பாடு. சோமசேகரம் நிலத்தில் இருந்துவிட்டார். மூன்றுதரம் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஆறு படங்களில் மிஞ்சிய ஒன்றும் போய்விட்டது என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் நிற்பவள் இன்னும் சற்று நேரத்தில் எல்லாவற்றையும் அறியப்போகிறாள் என்பதுதான் தாங்கவில்லை.

அந்நியர் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தார்.

"இதிலை சோமசேகரமண்ணை ஆர்?"

"நான்தான்."

"நான் நீக்கிலாப்பிள்ளை. கிட்டத்திலை, கொழும்புத்துறைக் கரை. சீவரத்தினத்தாற்றை கடையிலை சைக்கிள் திருத்தக் குடுத்தனான். ரயர் கழட்டினபடியே கிடக்கு, அந்தாளுக்கு எழும்பி வர வழியில்லை. 'எனக்காகப் போய் ஏலத்திலை நிண்டு தாங்கோ, திருத்துகூலி வேண்டாம்' எண்டு அனுப்பிவிட்டவர்." படத்தை நீட்டினார். "பிடியுங்கோ. ஆர் சாடை காட்டினாலும் பாக்கவேண்டாம் எண்டு சொன்னவர், நான் ஒருத்தரையும் பாக்கேல்லை. முன்னுக்கு ஒரு கரைவேட்டிக்காரர் விசர் பிடிச்சவர் மாதிரி ஏத்திக்கொண்டு நிண்டார். நானும் விடேல்லை."

சோமசேகரம் எழும்பி நின்றார். நீக்கிலாப்பிள்ளையின் பார்வை மெல்ல இறங்கி வேட்டிக் கரைக்கு வந்தது.

"அட மாதாவே," என்றார் சின்னக் குரலில். "அது நீங்களே?"

சோமசேகரம் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. செல்வநாயகிக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை.

"பதின்மூண்டு போத்தல், அண்ணை," என்றாள். "யோசியாதையுங்கோ. உங்கடை பங்கீட்டு எண்ணெயைக் கிழமைக்குக் கிழமை நான் சங்கக்கடையிலையே மறிச்சு இஞ்சை ஊத்துறன். படத்தை இப்பவே கொண்டுபோங்கோ. அண்ணைக்குச் சரசுவதியிலை இவ்வளவு பற்று எண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சு."

"அப்ப வீட்டிலை விளக்குக்கு?" என்றார் சோமசேகரம் ஈனமாக.

"வீடு இருண்டு கிடந்தால் என்ன," என்றாள் கனகாம்பிகை. "பின்னேரத்திலை ரண்டு பேரும் நடந்து இஞ்சை வந்து, பிள்ளையளின்ரை பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலை இருந்திட்டுப் போவம்." இவ்வளவு சந்தோசமாக அவள் பேசி அவர் கேட்டு வெகுகாலம். மகளின் கலியாணத்தன்றுகூட அவள் முகம் இப்படி இருக்கவில்லை.

அந்த முகந்தான் அவரைக் கொன்றது. இத்தனை எண்ணெயும் அம்பாளுக்கென்று நம்பிக்கொண்டு நிற்கிறாள். இதற்கு மேலும் இதை ஒருவரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருக்க முடியாது என்று சோமசேகரத்துக்குப் பட்டது. அவள் மற்றப் பெண்களோடு கடலை பங்கிடப் போன தருணம் பார்த்து வெளியே வந்தார். ஐயர் தன் சைக்கிள் கரியரில் தட்சணைத் தேங்காய்ப் பையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். கனகத்துக்கு மட்டும் தெரியக்கூடாது."

"சொல்லுங்கோ."

"இது சரசுவதி இல்லை, ஐயா. யப்பானிலை விருந்து வீடுகளிலை பாடி ஆடுற ஒரு பொம்பிளை. அவவின்ரை கூறையை விட்டிட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். முகாமிலை வைச்சு என்னெண்டு கேட்டா. வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். அண்டு தொடக்கம் அவ விளக்கு வைக்கிறா. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

ஐயர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பை ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார்.

"இதை அவ எனக்கு எண்பத்திமூண்டிலையே வந்து சொல்லிப்போட்டா," என்றார். "'ஆரோ பாட்டுக்காறப் பிள்ளை ஐயா, ஆனா கோயில் வாசல் மிதியாத மனுசன் காலமை எழும்பி அவளுக்கு முன்னாலை கைகட்டி நிக்குது, நான் விளக்கு வைக்கட்டோ' எண்டு கேட்டவ, போன கிழமையும் வந்து, 'படத்தை வாசிகசாலைக்குக் குடுக்கப்போறன், மனுசன் எப்பிடியும் பின்னாலை வரும், உபயகாரர் எண்டு கூப்பிட்டு ஒருக்காலெண்டாலும் எனக்குப் பக்கத்திலை நிப்பாட்டி விடுங்கோ ஐயா' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ."